இறையியல் படிக்கப் புறப்படுமுன்: நெல்லைச் சீமை மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ வடக்கன்குளத்திலோ உவரியிலோ ஒரு பிள்ளை, கல்லூரி முடித்த கையோடு, "இறையியல் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், அடுத்த நொடியே எழும் கேள்வி "சாமியாருக்குப் படிக்கப் போறியா?" என்பதுதான். பெண்பிள்ளையாக இருந்தால், "மடத்துக்குப் போறியா?" என்று அது மாறும். கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இந்தப் படிப்பு குருமடத்துச் சுவர்களுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது. ஆனால் திருச்சபையின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் பிறப்பித்த 'வெரித்தாத்திஸ் கௌதியும்' என்னும் ஆணை, திருச்சபைப் புலங்கள் (திருச்சபைப் பட்டம் தரும் கல்வித் துறைகள்) குருக்களுக்கும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கும் ஒருங்கே திறந்தவை என்கிறது. உரிய முன்படிப்பும் நன்னடத்தைச் சான்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குருமாணவருடைய பாதையை ஆயரும் குருமட அதிபரும் வகுத்துத் தருவார்கள். தாமாக வழி தேட வேண்டியவர்கள் பொதுநிலையினர் என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

இறையியல் என்பது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியின் நீட்சி அன்று என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். மறைக்கல்வி நம்பிக்கையைக் கையளிக்கிறது. இறையியல் அந்த நம்பிக்கையைச் சொல்லும் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்று துருவிக் கேட்கிறது. இந்த வேலைக்கு நம் கடற்கரையிலேயே பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்த ஊர்க்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, ஊர் ஊராக மனப்பாடம் செய்வித்தார். 'நம்புகிறேன்' என்று அமைய வேண்டிய விசுவாசப் பிரமாணம் அந்தத் தமிழாக்கத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல்லாகையால் அதை நீக்கி, 'விசுவாசம்' என்று சொல்லும்படி அவர் திருத்துகிறார். கடவுளை வேண்டுவதற்கும் கடவுளை நம்புவதற்கும் என்ன வேறுபாடு என்று யோசிக்கத் தொடங்கினால், நீங்கள் இறையியல் வகுப்பின் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

அந்த வாசலைக் கடக்க உதவுவது மெய்யியல், அதாவது தத்துவம். ஞாயிறு திருப்பலியில் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில், மகனைக் குறித்து, 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்ற தொடர் வருகிறது. 325-இல் நீசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் இந்த இடத்தில் கையாண்ட கிரேக்கச் சொல் 'ஓமோஊசியோஸ்'. அதில் உள்ள 'ஊசியா' விவிலியத்திலிருந்து நேரே எடுத்த சொல் அன்று. கிரேக்க மெய்யியலார் நெடுங்காலம் தங்கள் வாதங்களில் புழங்கிய சொல். தமிழிலோ 'பொருள்' என்பது சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும், கைப்பணத்தையும் குறிக்கும், உண்மையில் உள்ள ஒன்றையும் குறிக்கும். இம்மூன்றில் இங்கே எது என்று கேட்காமலே வாழ்நாள் முழுவதும் அந்தத் தொடரைச் சொல்லிவிட்டுப் போகலாம். பக்திக்கு அது குறையாகாது. ஆனால் இறையியல் மாணவர் அப்படிப் போக முடியாது. மெய்யியல் ஆண்டுகளை நாங்குநேரிச் சுங்கச்சாவடியைப் போல, காசைக் கட்டிவிட்டு விரைந்து கடக்க வேண்டிய இடமாகக் கருதுகிற மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பின்னால் மூவொரு இறைவனைப் பற்றிய பாடத்திலும் நற்கருணை பற்றிய பாடத்திலும் அவர்களே திணறுகிறார்கள்.

இனி, எந்தப் பட்டம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களில் இருவகைப் பட்டங்கள் உள்ளன. ஒன்று, உரோமையில் உள்ள திருத்தந்தையின் ஆட்சிப்பீடமான திருப்பீடத்தின் அதிகாரத்தால் வழங்கப்படும் திருச்சபைப் பட்டம். மற்றது, நாட்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி வழங்கப்படும் பி.ஏ., எம்.ஏ. போன்ற பட்டம். திருச்சபைப் பட்டம் பாக்கலோரியேட், லைசென்ஷியேட், டாக்டரேட் என்று மூன்று படிகள் கொண்டது. இறையியலில் முதற்படி மெய்யியலையும் உள்ளடக்கி 5 ஆண்டுகள். மெய்யியலை முறைப்படி முன்பே முடித்தவருக்கு 3 ஆண்டுகள். மெய்யியலைத் தனித்துறையாக எடுத்தால், 2011-இல் செய்யப்பட்ட சீர்திருத்தத்தின்படி முதற்படி 3 ஆண்டுகள். இரு துறைகளிலும் லைசென்ஷியேட் 2 ஆண்டுகள். குருமடத்திலோ இறையியல் கல்லூரியிலோ கற்பிக்க விரும்புபவருக்கு இந்த லைசென்ஷியேட்டாவது கட்டாயம் வேண்டும்.

ஆனால் அரசுக் கல்லூரி வேலைக்கோ, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கோ, வேறு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பதிவுக்கோ போகும்போது, திருச்சபைப் பட்டத்தை மட்டும் நீட்டினால் அது தானாகவே ஏற்கப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. சேரப்போகும் நிறுவனத்திடம், "நீங்கள் தரும் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?" என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். பொதுநிலையினருக்கு என் பரிந்துரை இது: முதலில் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தை, முடிந்தால் மெய்யியலிலேயே, கையில் வாங்கிக்கொண்டு பிறகு திருச்சபைப் பட்டத்துக்குப் போக வேண்டும். நெட் தேர்வில் மெய்யியல் ஒரு பாடமாக உண்டு; குடிமைப்பணித் தேர்விலும் அதை விருப்பப்பாடமாக எடுக்கலாம். வீட்டாரிடம் பேசும்போது இந்த இரண்டு செய்திகளும் பெரிதும் உதவும்.

இடங்களைப் பொறுத்தவரை, அருகிலிருந்தே தொடங்கலாம். மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் உள்ள அருள் ஆனந்தர் கல்லூரியில் மெய்யியல் துறை உள்ளது. ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம். சென்னையில் லயோலா கல்லூரியிலும், திருவான்மியூரில் மெய்யியலுக்கென்றே இயேசு சபையினர் நடத்தும் சத்ய நிலையத்திலும் படிக்கலாம். பெங்களூரில் தர்மாராம் வித்யா க்ஷேத்திரம், புனித பேதுரு திருப்பீட நிறுவனம், புனேயில் ஞான தீப வித்யாபீடம், டில்லியில் வித்யாஜோதி. உரோமையில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1551-இல் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் இத்தாலிய மொழியில்தான் வகுப்புகள் நடக்கும். பெல்ஜியத்தில் 1425-இல் நிறுவப்பட்ட லூவன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே இறையியலும் மெய்யியலும் படிக்க வழியுண்டு. பெயரின் பெருமையைப் பார்க்காமல், உங்களுக்கு எந்தத் துறையில் ஆர்வமோ அத்துறையில் இப்போது அங்கே யார் கற்பிக்கிறார்கள் என்று பாருங்கள்.

சேர்வதற்கு முந்தைய ஓராண்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பின்வரும் ஆண்டுகளின் தரம் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. பல நூல்களை மேலோட்டமாகப் படிக்க வேண்டாம். இடைக்கால இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாரின் 'சும்மா தியோலோகியே' (இறையியல் தொகுப்பு) நூலில் ஒரே ஒரு பகுதியை, முதற்பாகம், இரண்டாம் வினா, மூன்றாம் பிரிவை, எடுத்துக்கொண்டு பத்து நாள் அதனோடு இருங்கள். கேள்வி, கடவுள் இருக்கிறாரா என்பது. அக்குவினார் எடுத்த எடுப்பில் தம் விடையைச் சொல்வதில்லை. எதிர்வாதம் இரண்டை முன்வைக்கிறார். கடவுள் எல்லையற்ற நன்மை என்றால், தீமைக்கு இடமே இருக்கக் கூடாது, தீமையோ இருக்கிறது. இது முதலாவது. இயற்கையில் நடப்பதை இயற்கையாலும், மனிதர் செய்வதை மனித அறிவாலும் விருப்பத்தாலும் விளக்கிவிடலாம், கடவுள் தேவையில்லை. இது இரண்டாவது. அதன்பின் மறைநூல் மேற்கோள் ஒன்று, அதன்பின் கடவுள் இருக்கிறார் என்று காட்டும் புகழ்பெற்ற ஐந்து வழிகள், இறுதியில் அந்த இரண்டு எதிர்வாதங்களுக்கும் தனித்தனி விடைகள்.

ஐந்து வழிகளை மனப்பாடம் செய்துகொண்டு, எதிர்வாதங்களைத் தாண்டிவிடுவது நம் மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் நான்கு நாள் அந்த இரு எதிர்வாதங்களை மட்டும், அவற்றை உண்மையாகவே நம்பும் ஒருவர் படித்துவிட்டு "ஆம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். எழுதியதைக் கடவுள் மறுப்பாளரான நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கினால் இன்னும் நல்லது; நெல்லைச் சீமையில் அப்படிப்பட்ட நண்பருக்குப் பஞ்சமில்லை.

இந்த முறை தமிழருக்குப் புதியதன்று. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பிறர் கொள்கையைக் கூறி ஆராயும் பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் என்று இரு பகுதிகளாக அமைந்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதமோ பன்னிரண்டு சூத்திரங்களில் அமைந்து, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற ஒழுங்கில் வாதத்தை நடத்துகிறது. அதற்கு 'மாபாடியம்' என்னும் பேருரை கண்ட சிவஞான முனிவர், தாமிரபரணிக் கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-இல் மறைந்தவர். உரோமைக்கோ லூவனுக்கோ போகிற நம் மாணவர், தம் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காரணகாரியத்தைப் பற்றி எவ்வளவு நுட்பமாக வாதாடியிருக்கிறார் என்று அறியாமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது. (நம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமே திருவனந்தபுரத்தில் மெய்யியல் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் நூற்பெயரோடு சேர்ந்த பெயரைத்தான் தாங்கி நிற்கிறது; பேருந்துப் பலகையில் தினம் படிக்கிறோம், நினைப்பதில்லை.)

இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பயிற்சிக்குக் குடத்தை எடுத்துக்கொள்ளலாம். சைவ சித்தாந்த நூல்கள் ஒரு குடத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்லும்: மண் முதற்காரணம், திரிகை (குயவரின் சக்கரம்) துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அக்குவினார் பின்பற்றும் அரிஸ்டாட்டில் நான்கு சொல்வார்: எதனால் ஆனது, என்ன வடிவில் அமைந்தது, யார் செய்தது, எதற்காகச் செய்தது. காருகுறிச்சியில் மண்பாண்டம் வனையும் ஒருவர் அருகில் அரைநாள் உட்கார்ந்து, அவர் கைக்குக் கீழே மண் குடமாகும்போது எந்தக் கணத்தில் அது 'குடம்' என்ற பெயருக்கு உரியதாகிறது என்று பாருங்கள். 'வடிவம்' என்று அரிஸ்டாட்டில் சொல்வது வெறும் வெளித்தோற்றம் அன்று என்பது அங்கே விளங்கும். திரிகைக்கு அவருடைய பட்டியலில் தனியிடம் இல்லையே, ஏன் என்ற கேள்வியும் எழும். அதைக் குறித்து வையுங்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பீட்டில் இறங்குகிறவர்கள் பலரும் வழுக்கி விழும் இடம் இது. சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிப்பது) மூன்றும் தொடக்கமற்றவை. உலகுக்கு மாயை முதற்காரணமாக இருக்கிறது, குடத்துக்கு மண் இருப்பதைப் போல. அக்குவினாருக்கோ, படைப்புக்கு முன்பு எடுத்து வனைய ஒரு மண்ணே இல்லை. படைப்பு என்பது ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது அன்று. அதே வேளையில், உலகுக்கு ஒரு தொடக்கநாள் இருந்தது என்பதை அறிவால் நிறுவ முடியாது, அதை நம்பிக்கையால்தான் ஏற்கிறோம் என்றும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இந்த வேறுபாட்டை இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக ஐந்து பக்கத்தில் எழுத முடிந்தால், முதலாண்டுக்கு நீங்கள் தயார்.

மொழிகளில் இலத்தீனைக் கண்டு அஞ்ச வேண்டாம். 'தேயுஸ் முந்தும் கிரேயாவித்' என்றால் 'கடவுள் உலகைப் படைத்தார்'. சொல்லுக்குச் சொல், வரிசை மாறாமல் தமிழாகிவிடுகிறது. 'முந்தும்' என்பதன் ஈறு நம் இரண்டாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. நமக்கு வேற்றுமை எட்டு, இலத்தீனில் ஆறு. அங்கே ஒரே வேற்றுமை நம்முடைய ஆல், ஓடு, இன், இல் ஆகியவற்றின் பணிகளைச் சேர்த்துச் சுமக்கும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கில வழியாக இலத்தீன் கற்பதைக் காட்டிலும், பள்ளியில் படித்த வேற்றுமை அட்டவணையை நினைவுபடுத்திக்கொண்டு கற்பது விரைவில் பலன் தரும். கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் விவிலியத்தில் ஆழ்ந்து போக முடிவு செய்த பின் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. பொதுநிலையினர் திருச்சபைப் புலத்தில் சேர, குரு ஒருவரிடமிருந்து நன்னடத்தைச் சான்று தேவைப்படும். பங்குத்தந்தையிடம் கேட்டால் தருவார், ஆனால் திருவிழாக் காலத்தில் போய் நிற்காதீர்கள். வெளிநாட்டுக்குச் செல்பவர் சான்றிதழ்களை மாநில அளவில் சரிபார்த்து, சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிப்படுத்தும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரையையும் பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் புனிதர் பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயரும் தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக என்று மூன்று ஆளாக நாம் இருப்பது வழக்கம். என் விண்ணப்பம் இதனாலேயே ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது.

வகுப்பில் சேர்ந்த பின் முதல் அதிர்ச்சி பெரும்பாலும் விவிலியப் பாடத்தில் வரும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களையும் மோசேயே எழுதினார் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, அவை பல மரபுகள் பல காலங்களில் சேர்ந்து அமைந்தவை என்று பேராசிரியர் நிதானமாகச் சொல்லும்போது, காலடி மண் சரிவதைப் போலத் தோன்றும். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-இல் எழுதிய சுற்றுமடலிலேயே நூல்களின் இலக்கிய வகைகளை ஆராயுமாறு அறிஞர்களை ஊக்குவித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அவ்வழியை உறுதிசெய்தது. ஆகவே இது யாரோ திருச்சபைக்கு எதிராகச் செய்யும் வேலை அன்று. அந்த வாரம் படித்ததை அப்படியே விடுமுறையில் ஊருக்கு வந்து ஆச்சியிடமும் உபதேசியாரிடமும் அவிழ்த்துக் கொட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இரண்டாண்டில் படிப்படியாகக் கடந்து வருவதை அவர்கள் அசனப் பந்தியில் ஒரே வாயில் விழுங்க முடியாது.

கட்டுரை எழுதும் முறையிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். என் முதல் கட்டுரை டேவிட் இயூம் என்னும் ஸ்காட்லாந்து மெய்யியலாளரைப் பற்றியது. அவருடைய வாதத்தை இரண்டு வரியில் சொல்லி, பதினொரு பக்கம் மறுத்திருந்தேன். பேராசிரியர் மறுப்பு முழுவதையும் படிக்காமல், அந்த இரண்டு வரியின் கீழே கோடிட்டு, "இதை இயூம் ஏற்பாரா?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். மறுமுறை எழுதியபோது, அவர் வாதத்துக்கே ஆறு பக்கம் ஆயிற்று. மறுப்பு மூன்று பக்கமாகச் சுருங்கியது, வலுவும் பெற்றது. உரோமையில் பல தேர்வுகள் வாய்மொழியாக நடக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கும் இந்தப் பழக்கமே கைகொடுக்கும். கேட்ட கேள்வியை உங்கள் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடையைத் தொடங்குங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் சிறுமியாகக் கற்ற செபங்களைச் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாம் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்கிறோம்; அவர் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்பார். லூக்கா நற்செய்தியில் வானதூதர் வாயில் வருவது ஒரே ஒரு கிரேக்கச் சொல், 'கெகாரித்தோமெனே'. இலத்தீன் அதை 'கிராத்சியா பிளேனா' என்று இரு சொல்லாக்கியது. நம் முன்னோர் அந்த 'கிராத்சியா'வைப் பிரியத்தோடு தரப்பட்டது என்று விரித்துச் சொன்னார்கள். பின்வந்தவர்கள் சைவரும் வைணவரும் நெடுங்காலம் புழங்கிய 'அருள்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எது கூடியது, எது நழுவியது என்று எழுதத் தொடங்கினால் அருள் பற்றிய பாடத்துக்கு உங்கள் முதல் கட்டுரை கிடைத்துவிடும். ஆச்சி சொன்ன தேதியையும் ஊரையும் நோட்டின் மேலே குறித்து, நோட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.